மருந்து முடிந்த பின்னும் தொடரும் கணக்கு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்குச் செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டையை விட்டுப் புறப்பட்டதும் அடுத்தபடியாக நிற்கும் ஸ்டேஷனுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். இங்கிலாந்தில் பல ஆண்டுகள், காசநோய் எனப்படும் க்ஷயரோகத்துக்கு வைத்தியம் நடத்திய டாக்டர் சௌரிமுத்து, தாயகம் திரும்பி 1928-ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய ஆரோக்கிய நிலையமே அந்த ஸ்டேஷனுக்குப் பெயரைக் கொடுத்தது. காலையில் அங்கே ஏறி மாலையில் அங்கேயே இறங்குகிற ஜனங்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சொல் இன்று வெறும் ஊர்ப்பெயராகவே ஒலிக்கிறது; ஒரு காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் நெஞ்சைக் கலக்கிய சொல் அது. சுத்தமான காற்று, பூரண ஓய்வு, போஷாக்கான ஆகாரம் ஆகிய மூன்றையன்றி நம்பத்தக்க ஔஷதம் வேறொன்றும் இல்லாதிருந்த அந்நாட்களில், சானடோரியத்துக்குள் போனவர் திரும்பி வருவாரா என்பதை வைத்தியராலும் சொல்ல இயலவில்லை. சளியில் கிருமி தென்படும் அளவுக்கு நோய் முற்றி, தக்க மருந்தும் பெறாதவர்களில் 100-க்கு சுமார் 70 பேர் பத்து ஆண்டுகளுக்குள் மாண்டுபோனார்கள் என்பது அக்காலத்துப் பதிவுகளிலிருந்து கணிக்கப்பட்ட உண்மை.

தமிழ்ச் சிறுகதைக்குப் புது உருவம் கொடுத்த புதுமைப்பித்தன் 1948-ஆம் ஆண்டில், தமது 42-ஆம் வயதில், இந்த நோய்க்கே இரையானார். எளியவருக்கும் எட்டக்கூடிய மலிவான மாத்திரையாகிய ஐசோனியஸிட் வைத்திய உலகத்துக்கு வந்து சேர்ந்தது 1952-இல். அதன் பிறகு காலம் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இன்னொரு வரலாற்றையும் நினைவுகூரலாம். தென்னாப்பிரிக்கச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கு 1988-ஆம் ஆண்டில், எழுபது வயதில், இதே க்ஷயரோகம் கண்டது. மருந்துண்டு குணமடைந்த அவர், விடுதலையாகி, தேசத்தின் ஜனாதிபதியாகி, 95 வயது வரையில் வாழ்ந்தார்.

இந்த நூலின் முந்திய அத்தியாயங்கள் நோயைக் கண்டுபிடிக்கும் விதத்தையும் சிகிச்சை தொடங்கும் முறையையும் கூறின. நோயோடு வாழ்வதும், நோய் நீங்கிய பிறகு நெடுங்காலம் வாழ்வதும் எவ்வாறு என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். இதில் வாசகர் முதலாவதாக மனத்திற் கொள்ளவேண்டியது, கிருமியின் கணக்கு வேறு, தேகத்தின் கணக்கு வேறு என்பது. கிருமியின் கணக்கை மாத்திரை சில மாதங்களில் தீர்த்துவிடும். கிருமி குடியிருந்த காலத்தில் சுவாசகோசத்துக்கும் எலும்புக்கும் தசைக்கும் மனத்துக்கும் நேர்ந்த சேதத்தின் கணக்கோ நிதானமாகவே தீரும். சிலருக்கு முழுவதும் தீராமலும் இருக்கும். முதற்கணக்கு தீருமுன்பே தீர்ந்துவிட்டதாக நினைத்து மருந்தை நிறுத்துகிறவர்கள் ஒரு வகையில் தவறு செய்கிறார்கள். முதற்கணக்கு தீர்ந்ததும் இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் வேறொரு வகையில் தவறு செய்கிறார்கள்.

ஆறு மாத காலம்

சாதாரணக் கிருமிகள் பல அரைமணிக்கோ ஒருமணிக்கோ ஒருமுறை பெருகுகையில், 1882-ஆம் ஆண்டு ராபர்ட் காக் கண்டறிந்த இந்தக் க்ஷயக் கிருமி ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறையே பெருகுகிறது. அதிலும் ஒரு பகுதி பெருகாமலேயே உறங்கிக் கிடக்கிறது. பெருகுகின்ற கிருமியை மருந்து எளிதில் கொன்றுவிடும். உறங்குகின்ற கிருமி எப்போது விழித்தாலும் அப்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் ஐசோனியஸிட், ரிஃபாம்பிசின், பைரஸினமைட், எதாம்பியூட்டால் என்ற நான்கு மருந்துகளையும், பின்னர் நான்கு மாதங்கள் பைரஸினமைட் நீங்கலாக மற்ற மூன்றையும் நாள்தோறும் உண்ணச் சொல்வதன் தாத்பரியம் இதுவே. மூளையுறையையோ எலும்பையோ நோய் பற்றியிருந்தால் காலம் ஒரு வருஷம் வரையில் நீளலாம்.

இரண்டு மூன்று வாரங்களில் ஜுரம் விட்டு, இருமல் தணிந்து, பசி திரும்பிவிடுகிறது. நோயாளிக்குப் பெரிய சோதனை தொடங்குவது அப்போதுதான். நெசவுத் தறியிலோ லேத் பட்டறையிலோ தினக்கூலிக்கு உழைக்கும் ஒருவர், உடம்பு தேறிவிட்டதென்று நம்பி, மாத்திரைக்காக அரைநாள் கூலியை இழப்பானேன் என்று எண்ணுவது இயற்கையே. ஆனால் இடையில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுவது ஒருபுறமிருக்க, மருந்தை முறை தவறி உண்பதால் அதற்கு அடங்காத கிருமிகளும் தலையெடுக்க இடமுண்டாகிறது. அப்படி மருந்துக்கு அடங்காத க்ஷயத்துக்கு முன்பு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று ஊசியும் மாத்திரையுமாகச் சிகிச்சை நீண்டது. பெடாகுவிலின், பிரிடோமானிட், லினஸோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நான்கு மருந்துகளை ஆறே மாதங்கள் வாய்வழியாகக் கொடுக்கும் முறையை இந்திய அரசாங்கம் 2024-இல் ஏற்றுக்கொண்டது. வழி சுருங்கியதே தவிர, அந்த மருந்துகளின் உபாதைகள் சாதாரண மருந்துகளினும் கடுமையானவை. அந்த நிலைக்குப் போகாமலிருப்பதே உத்தமம்.

மாத்திரையை வெறும் வயிற்றில், காலையில், ஒரே நேரத்தில் உண்பது நலம். குமட்டல் தாங்க முடியாதவர்கள் வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் சிறிது இட்டிலியுடன் உண்ணலாம். மருந்தைத் தள்ளிவைப்பதைக் காட்டிலும் அது மேல். நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் சில மருந்துகள் ஐசோனியஸிட்டை உடம்பில் சேரவிடாமல் தடுப்பதால், அவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே சில மணி நேரம் இடைவெளி வேண்டும். கடற்கரையூர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: ஐசோனியஸிட் உண்ணும் காலத்தில் சூரை மீனை, அதிலும் பிடித்து நேரமான சூரையை உண்டால், சிலருக்கு முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் உண்டாகும். மதுபானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈரலுக்கு மருந்தே ஒரு சுமை. அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றலாகாது.

அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

ரிஃபாம்பிசின் உண்ணும்போது சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாக மாறும். இதைக் கண்டு இரத்தம் போகிறதென்று திகிலடைந்து மருந்தை விட்டவர்கள் உண்டு. இது மருந்தின் நிறமே, தீங்கொன்றுமில்லை. கை கால் மரத்துப்போவதும் எரிவதும் ஐசோனியஸிட்டால் வருவது; பைரிடாக்ஸின் என்னும் வைட்டமின் மாத்திரை அதைத் தடுக்கும். மூட்டு வலி பெரும்பாலும் பைரஸினமைட்டால் வருவதாகையால், முதல் இரண்டு மாதங்களோடு அது தணிந்துவிடும்.

பின்வரும் குறிகள் கண்டால் மட்டும் அடுத்த முறை வரையில் காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் செல்ல வேண்டும்:

கண்ணும் நகமும் மஞ்சளித்தல், இடைவிடாத வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. இவை ஈரல் பாதிக்கப்பட்டதன் அடையாளங்கள்.

பார்வை மங்குதல், அல்லது சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமை. இது எதாம்பியூட்டாலால் கண் நரம்புக்கு நேரும் கேடு. உரிய காலத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

உடம்பெங்கும் தடிப்பு, வாயில் புண், ஜுரம்.

கால் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாமை.

கடைசியாகச் சொன்னவை மருந்தால் வருபவையல்ல. நோயின் கடுமையைக் காட்டுபவை. க்ஷயரோகத்தால் நேரும் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்கிறது என்பதை அறிந்த தமிழ்நாட்டு அரசாங்கம், 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற பெயரில் ஒரு முறையை ஏற்படுத்தியது. உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு, துணையின்றி நிற்கும் சக்தி ஆகிய ஐந்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து, கடுமையான நிலையிலிருப்பவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பதே அதன் சாரம். வீட்டிலிருப்பவர்களும் இந்த ஐந்தில் மூன்றையேனும் கருவி ஏதுமின்றிக் கவனிக்கலாம்.

ரிஃபாம்பிசின் வேறு மருந்துகளோடு சண்டையிடும் குணமுடையது. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, சர்க்கரை வியாதிக்கான சில மாத்திரைகள், எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவற்றின் வீரியத்தை அது குறைத்துவிடும். ஆகையால் ஏற்கனவே உண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டிவிடுவது, வாய்மொழியாகச் சொல்வதைக் காட்டிலும் உசிதமானது.

ஆகாரம்

சானடோரியக் காலத்தில் ஆகாரமே மருந்தாக இருந்தது. மாத்திரை வந்தபின் ஆகாரத்தை மறந்துவிட்டோம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரையில் நடந்த ஓர் ஆராய்ச்சி அந்த மறதியைத் திருத்தியிருக்கிறது. நோயாளியின் வீட்டாருக்கு ஆளொன்றுக்கு மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் வைட்டமின் மாத்திரையும் கொடுத்துவந்ததில், அந்த வீடுகளில் புதிதாக நோய் காண்பது 100-க்கு 39 வீதம் குறைந்தது. நோயாளிகளைப் பற்றியும் ஓர் உண்மை வெளிப்பட்டது: முதல் இரண்டு மாதங்களில் எடை 100-க்கு 5 வீதம் கூடியவர்களுக்கு மரண அபாயம், கூடாதவர்களோடு ஒப்பிட 100-க்கு 61 வீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது வெறும் இரண்டு கிலோ.

ஆதலால் எடை பார்ப்பதை ஒரு சடங்காகக் கருதாமல், மாதந்தோறும் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். எடை கூடும்போது மாத்திரையின் எண்ணிக்கையையும் வைத்தியர் கூட்ட நேரலாம். விலையுயர்ந்த டானிக்கும் டின் பவுடரும் வேண்டியதில்லை. காலையில் கேழ்வரகுக் கூழோ சத்துமாவுக் கஞ்சியோ, அதோடு ஒரு முட்டை; மத்தியானம் பருப்பும் கீரையும் கூடிய சோறு; மாலையில் ஒரு பிடி வேர்க்கடலையோ சுண்டலோ; இரவில் பாலோ மோரோ; வசதியும் வழக்கமும் இருந்தால் வாரத்தில் சில நாள் மீன். பசி மந்தமாயிருக்கும் முதல் மாதத்தில் மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்து உண்பது எளிது. நோயாளிகளின் போஷாக்குக்காக இந்திய அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் செலுத்திவருகிறது. கணக்கு விவரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று சுகாதார ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. 1800-11-6666 என்ற இலவசத் தொலைபேசியிலும் விசாரிக்கலாம்.

வீட்டில் இருத்தல்

ஐசோனியஸிட் வந்த சில ஆண்டுகளுக்குள், 1956-இல், சென்னையில் ஒரு முக்கியமான பரீட்சை தொடங்கிற்று. அன்று க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையமாக உருவாகி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் விளங்கும் அந்த ஸ்தாபனத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியரின் தலைமையில், சென்னையின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சிறந்த உணவும் பெற்று மருந்துண்டார்கள். மற்றவர்கள் நெருக்கமான தங்கள் குடிசைகளில், கிடைத்ததை உண்டு, இயன்ற வேலையைச் செய்துகொண்டு அதே மருந்தை உண்டார்கள். ஒரு வருஷ முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே விதமாகக் குணமடைந்திருந்தார்கள். பின்தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலிருந்தவர்களின் உறவினருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கும், நோயாளி தன் குடும்பத்தோடிருந்தே குணமடையலாம் என்ற கொள்கை வேரூன்றுவதற்கும் சென்னையின் அந்தக் குடிசைகளே ஆதாரமாயின. வீட்டார் தொற்றைப் பெறுவதெல்லாம் பெரும்பாலும் நோய் தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான் என்பதும் அதனால் விளங்கிற்று.

இதைத் தெரிந்த பிறகும் நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தனிப்பாய் என்று ஒதுக்கிவைக்கும் வீடுகள் நம்மிடையே இருப்பது வருத்தத்துக்குரியது. இந்த நோய் பாத்திரத்தாலும் துணியாலும் கைதொடுவதாலும் பரவுவதில்லை. இருமலோடு வெளிப்படும் கிருமி காற்றில் மிதந்து, அடைத்த அறையில் பலமணி நேரம் தங்கியிருப்பதாலேயே பரவுகிறது. எனவே செய்யத்தக்கது, ஜன்னலைத் திறந்துவைப்பதும், இருமும்போது துண்டால் வாயை மூடுவதும், சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள பாத்திரத்தில் சேர்த்து அப்புறப்படுத்துவதுமே. தக்க மருந்து தொடங்கிச் சுமார் இரண்டு வாரங்களில், மருந்துக்கு அடங்கும் கிருமியானால், தொற்றும் சக்தி பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

வீட்டிலுள்ள அனைவரையும், விசேஷமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் சர்க்கரை வியாதியுள்ளவர்களையும், பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லையென்று உறுதியானவர்களுக்கு, உள்ளே உறங்கக்கூடிய கிருமியை அழிக்க ஐசோனியஸிட்டை ஆறு மாதங்கள் தினமுமோ, வேறொரு மருந்தோடு சேர்த்து வாரத்துக்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரங்களோ தருவார்கள். நோயில்லாதவனுக்கு எதற்கு மருந்து என்று தாத்தா பாட்டிமார் ஆட்சேபிப்பதுண்டு. பால்குடிக் குழந்தைக்கு மூளையுறைக் க்ஷயம் வந்தால் என்ன நேரும் என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துரைப்பது வீட்டுப் பெரியவர்களின் கடமை.

மருந்து முடிந்த நாள்

கடைசி மாத்திரையை உண்ட நாளில் கோவிலுக்கோ தர்காவுக்கோ தேவாலயத்துக்கோ போய்வருவது பலரும் செய்வது. நியாயமான சந்தோஷம் அது. உரிய முறையில் மருந்துண்டவர்களில் 100-க்கு 85-க்கு மேற்பட்டோர் வெற்றிகரமாகச் சிகிச்சையை முடிக்கிறார்கள். ஆனால் தேகத்தின் கணக்கு அன்றுதான் முதல் ஏட்டைத் திறக்கிறது.

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் வருஷத்திலும், அதற்கடுத்தபடியாக இரண்டாம் வருஷத்திலும் திரும்பும். ஆகவே 6, 12, 18, 24 மாதங்கள் நிறையும்போது நான்கு முறை சென்று சளியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இருமல் இரண்டு வாரம் நீடித்தாலும், எடை குறைந்தாலும், மாலை ஜுரம் தலைகாட்டினாலும் அடுத்த தவணைக்காகக் காத்திருக்கலாகாது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் நவீனப் பரிசோதனை, செத்த கிருமியின் எச்சத்தையும் சில காலம் வரையில் கண்டுபிடித்துவிடும். ஆதலால் முன்பு நோயிருந்தவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும், உயிருள்ள கிருமி உண்டா என்பதை வளர்ப்புப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். தோலில் ஊசிபோட்டுப் பார்க்கும் பரிசோதனையும் ஆயுள் முழுவதும் நோயுள்ளதுபோலவே காட்டக்கூடும்.

எக்ஸ்ரேயில் தெரியும் தழும்பும் அப்படிப்பட்டதே. புண் ஆறிய இடத்தில் தோலில் வடு நிற்பதுபோல நுரையீரலிலும் வடு நிற்கும், அது நோயன்று. எனினும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோரின் வைத்தியப் பரிசோதனையில் இந்தப் பழைய தழும்பே தடையாகிப் பலருடைய பயணம் நின்றுபோவதுண்டு. ஏஜெண்டிடம் கடன்வாங்கிப் பணம் கட்டுமுன், ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்வது விவேகம். சிகிச்சை அட்டையையும், தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்த எக்ஸ்ரேக்களையும் நிலப்பத்திரத்தைப் பாதுகாப்பதுபோலப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். இருபது வருஷம் கழித்து எந்த வைத்தியர் சந்தேகப்பட்டாலும், பழைய படத்தோடு புதிய படத்தை ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும்.

எஞ்சிய மூச்சு

கிருமி ஒழிந்த பின்னும் பலருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கும். மழைக்காலத்தில் சளி கட்டும். மூச்சுக்குழல்கள் விரிந்து தளர்ந்துபோவதாலும், நுரையீரல் திசு நாராக இறுகுவதாலும், சில சமயம் பழைய பொந்துகளில் பூஞ்சை குடியேறுவதாலும் இவை நேர்கின்றன. இருமும்போது இரத்தம் கண்டால் க்ஷயம் திரும்பிவிட்டதென்று தாமாகவே முடிவு கட்டிப் பழைய மாத்திரையைத் தேடி உண்பவர்களும் உண்டு; விரிந்த குழலிலிருந்தும் பூஞ்சைப் பொந்திலிருந்தும் இரத்தம் வரக்கூடுமாகையால், கிருமி இருப்பது நிரூபணமாகாமல் மறுபடி க்ஷய மருந்து தொடங்கலாகாது. இரத்தம் எவ்வளவு சிறிதாயினும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். ஒரு தம்ளர் அளவு வந்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசரம்.

க்ஷயத்திலிருந்து குணமானவர்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்குகையில், அவர்களுடைய மரண விகிதம் ஒத்த வயதுடைய மற்றவர்களுடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருப்பது தெரிகிறது. அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அதில் பெரும்பங்கு புகையிலை, மது, சர்க்கரை வியாதி, வறுமை, இருதய நோய் என்று முன்பே கூட இருந்த தோழர்களுடையது. அவற்றுள் பலவற்றை மனிதன் தன் முயற்சியால் விலக்க முடியும். பீடியை விடுவதே எல்லாவற்றிலும் தலையாயது. அடுப்படியில் விறகுப் புகையைச் சுவாசிக்கும் பெண்களுக்கு எரிவாயு அடுப்போ, குறைந்தபட்சம் புகைபோக்கியோ வேண்டும். சர்க்கரை வியாதி க்ஷயம் வரும் அபாயத்தை இரண்டு மூன்று மடங்காக்குவதோடு, வந்தபின் குணமாவதையும் தடுப்பதால், இரத்தச் சர்க்கரையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

உடல் சக்தியை மீட்க நடை சிறந்தது. முதல் வாரம் தெருக்கோடி வரையில், அடுத்த வாரம் கோவில் குளம் வரையில் என்று தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பேச்சு தடைப்படாத வேகத்தில் நடக்க வேண்டும். சளி மிகுந்தவர்கள் காலையில் வெந்நீர் அருந்திவிட்டு, நீண்ட மூச்சுகள் இழுத்து, பலமாக ஊதி இருமிச் சளியை வெளியேற்றிப் பழக வேண்டும். இதைக் கற்றுத்தருவோர் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் நெஞ்சக நோய்ப் பிரிவுகளில் இருக்கிறார்கள். முதுகெலும்பில் க்ஷயம் கண்டு குணமானவர்கள் சுமை தூக்கும் தொழிலுக்குத் திரும்புமுன் எலும்பு வைத்தியரின் அனுமதியைப் பெறவேண்டும்.

கல்யாணமும் மக்கட்பேறும்

க்ஷயரோகம் பரம்பரை வியாதியன்று. குணமானவர் திருமணம் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. மருந்துண்ணும் காலத்தில் கருத்தரிக்க நேர்ந்தாலும், வழக்கமான நான்கு மருந்துகளையும் தொடரலாம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மட்டும் சிசுவின் செவிக்குக் கேடு செய்யுமாகையால் விலக்கத்தக்கது. தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கருப்பைக் குழாய்களை நோய் பற்றியிருந்த பெண்களுக்கு மட்டும் பிள்ளைப்பேறு தாமதப்படலாம். அப்போது பழியைப் பெண்ணின்மேல் சுமத்தாமல், கணவனும் மனைவியும் சேர்ந்தே வைத்தியரைக் காண்பது கண்ணியமானது.

நோய் நீங்கிய பின்னும் மனச்சோர்வு நீங்காதவர்கள் உண்டு. உறக்கமின்மையும், எதிலும் விருப்பமின்மையும், பிறர் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற எண்ணமும் வாரக்கணக்கில் நீடித்தால், அதுவும் தேகத்தின் கணக்கில் எஞ்சிய ஒரு நிலுவையே. வெட்கமின்றி வைத்தியரிடம் சொல்லவேண்டியது. அப்படிப்பட்டவருக்கு வீட்டார் செய்யக்கூடிய உதவி, தனித் தட்டைத் தூக்கியெறிந்து பழையபடி பந்தியில் உட்காரவைப்பதுதான்.

மருந்து இன்னும் முடியாத வாசகர், முடியும் நாள் எதுவென்று சுகாதார ஊழியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அந்த நாளிலிருந்து ஆறாவது, பன்னிரண்டாவது, பதினெட்டாவது, இருபத்துநான்காவது மாதங்களை எண்ணி, அடுப்படிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நான்கு தேதிகளைச் சிவப்பு மையால் குறித்துவையுங்கள். வருஷம் மாறும்போது புதிய நாட்காட்டிக்கும் அவற்றை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.